சுப்பாராவும் கிடைக்காத நோபலும்

வணக்கம். விஞ்ஞானி எல்லாபிரகட சுப்பாராவ் பற்றி எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. ஏடிபி, ஃபோலிக் அமிலம், டெட்ராசைக்ளின், புற்றுநோய் மருந்து எல்லாமே அவர் கண்டுபிடித்தவை, இந்தியர் என்பதால் நோபல் பரிசு தராமல் ஏமாற்றிவிட்டார்கள் என்று இருந்தது. இதில் எவ்வளவு உண்மை? பிள்ளைகளிடம் சொல்லலாமா?

– ஓர் ஆசிரியை, தென்காசி

அன்புள்ள ஆசிரியைக்கு,

தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் அந்தச் செய்தியை அப்படியே வாசித்துக் காட்ட வேண்டாம்.

பாக்டீரியாவை அடக்கும் டெட்ராசைக்ளின் வகை மருந்துகளில் முதலில் வந்தது ஆரியோமைசின். மிசௌரி மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிரிலிருந்து அதை எடுத்தவர் பெஞ்சமின் டுகர், பேராசிரியர் வேலையில் ஓய்வு பெற்றபின் லெடர்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்துக்கு வந்த தாவரவியலாளர். சுப்பாராவ் அங்கே ஆராய்ச்சித் தலைவர். வேலை நடக்க வழிசெய்த பெருமை அவருக்கு உண்டு, கண்டுபிடித்த பெருமை டுகருக்குத்தான்.

நோபல் கதையும் அவ்வளவு நேரானதல்ல. 1929இல் ஹார்வர்டில் உயிர்வேதியியலாளர் சைரஸ் ஃபிஸ்கும் சுப்பாராவும், செல்களுக்கு ஆற்றல் தரும் ஏடிபியைப் பிரித்தெடுத்த அதே ஆண்டில், ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக அதைக் கண்டார். லோமனுக்கும் நோபல் கிடைக்கவில்லை. சுப்பாராவ் 1948 ஆகஸ்டில், 53 வயதில் போய்விட்டார். அவர் பிரிவிலிருந்து வந்த மருந்துகளின் முழு அருமை உலகத்துக்குத் தெரிந்ததே அதற்கப்புறம்தான். அவருக்கு அநியாயம் நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. ஹார்வர்டில் நிரந்தர இடம் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே, கதர் உடுத்திய குற்றத்துக்காக மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் எம்பிபிஎஸ்ஸுக்குப் பதில் அதைவிடக் குறைந்த எல்எம்எஸ் பட்டம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். கோபப்படுவதானால் சென்னையிலிருந்தே ஆரம்பிக்கலாம்!

எனக்கு அவருடைய வேலையில் மிகவும் பிடித்தது எந்த மருந்தும் இல்லை, ஓர் அளவுமுறை. ரத்தத்தில், சிறுநீரில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அறிய 1925இல் அவரும் ஃபிஸ்கும் வெளியிட்டது. அமிலம் கலந்த மாலிப்டேட் கரைசலை மாதிரியோடு சேர்த்து, ஆக்சிஜனொடுக்கி ஒன்றையும் விட்டால் நீலம் பிடிக்கும். பாஸ்பேட் கூடினால் நீலமும் கூடும். அளவு தெரிந்த கரைசலின் நீலத்தோடு ஒப்பிட்டுக் கணக்குப் போட வேண்டியதுதான். தசைச் சாற்றில் இதைச் செய்தபோது நீலம் உடனே முழுதாக வரவில்லை, நேரம் ஆக ஆகக் கூடிக்கொண்டே போனது. இன்னொருவராக இருந்தால் கரைசல் கெட்டுவிட்டது என்று கீழே ஊற்றியிருப்பார். இவர்களோ, பாஸ்பேட் வேறெதனுடனோ ஒட்டியிருந்து அமிலத்தில் மெல்லப் பிரிகிறது என்று பிடித்துக்கொண்டார்கள். அப்படி அகப்பட்டதுதான், தசையில் ஆற்றலைச் சேமித்து வைக்கும் பாஸ்போகிரியேட்டின். அடுத்து 1929இல் ஏடிபி. உங்கள் பிள்ளைகள் உயிரியல் பாடத்தில் படிக்கும் ‘ஆற்றல் நாணயம்’ இந்த நீலத்தின் வழியாக வந்தது. ஃபிஸ்க், சுப்பாராவ் இருவர் பெயரிலேயே வழங்கும் அந்தச் சோதனையை உயிர்வேதியியல் மாணவர்கள் இப்போதும் செய்கிறார்கள்.

பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலிக் அமிலத்தில் சுப்பாராவுக்குச் சொந்தக் காரணமும் உண்டு. இளவயதில் சகோதரர்கள் இருவரை எட்டு நாள் இடைவெளியில், குடல் சத்தை உறிஞ்ச முடியாமல் போகும் ஸ்ப்ரூ நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோய்க்கே மருந்தான ஃபோலிக் அமிலத்தை 1945இல் லெடர்லி குழு செயற்கையாகத் தயாரித்தது. அதன் வேலையைத் தடுக்கும், அதே குழு தயாரித்த அமினோப்டெரினை பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்தது. அதற்கு முன் அந்த நோய்க்கு மருந்தென்று சொல்லிக்கொள்ள எதுவுமே கிடையாது. இன்று மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை விழுங்கும் மெத்தோட்ரெக்சேட் அந்த வரிசையில் அடுத்தது.

சரி, வகுப்பில் எங்கிருந்து தொடங்குவது? யானைக்கால் நோய் பரவும் பகுதிகளில் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து தரும் டிஇசி மாத்திரையிலிருந்து தொடங்கலாம். பெரியவர்களுக்கு மூன்று, 6 வயது முதல் 14 வரை இரண்டு என்று கொடுப்பார்கள். அதுவும் சுப்பாராவ் தலைமையிலிருந்த குழு 1947இல் கொண்டுவந்ததுதான். வாங்கிய மாத்திரையை விழுங்காமல் ஜன்னல் மேல் வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ஏன் விழுங்க வேண்டும் என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.