வாசகர் கேள்விகள்: தேன் நமக்கு, மெழுகு பறவைக்கு

(பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்)

மானிடவியல் என்றால் மனிதர்களைப் பற்றிய படிப்புத்தானே? அதில் ஆடு மாடுகளுக்கு என்ன வேலை?
— கல்லூரி மாணவி, ஈரோடு

வேலை இருக்கிறது என்று மாடுகள்தான் முதலில் சொல்லின. இவான்ஸ்-பிரிச்சர்ட் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1930இல் இன்றைய தெற்கு சூடானில் வாழும் நூயர் மக்களிடம் போனார். அவருக்கு வேண்டியது உறவுமுறை, வம்சம், ஊர்ச்சண்டை பற்றிய விவரங்கள். எதைக் கேட்டாலும் பேச்சு மாட்டில் போய் நின்றது. இளவட்டங்களோ மாட்டையும் பெண்களையும் தவிர வேறெதுவும் பேசவில்லை. பெண்களைப் பற்றிய பேச்சும் கடைசியில் மாட்டுக்கே திரும்பியது என்று அவர் அலுத்துக்கொள்கிறார். திரும்பாமல் என்ன செய்யும்? அங்கே பரியம் கொடுப்பதே மாடாகத்தான். சடங்கு முடிந்து ஆளாகிற பையனுக்குத் தகப்பன் ஓர் எருதைக் கொடுப்பான். அதன் நிறத்தையும் கொம்பையும் வைத்துப் பையனுக்கு ஒரு பெயர் அமையும். கூட்டாளிகள் அந்தப் பெயரைச் சொல்லியே அழைப்பார்கள். மாட்டை விட்டுவிட்டு அந்த ஊரில் யாரிடம் என்ன கேட்பது?

நான் காங்கயம் பக்கம் வேலை பார்த்த புதிதில், காப்பீட்டுப் படிவத்தில் ஒரு பசுவின் நிறத்தைச் 'சாம்பல்' என்று எழுதினேன். மாட்டுக்காரப் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, அடுப்பில்தான் சாம்பல் இருக்கிறது, என் மாடு மயிலை என்றார். அடித்துவிட்டு மயிலை என்று எழுதினேன். மேலதிகாரி அதையும் அடித்துச் சாம்பல் ஆக்கினார். நூயர் மொழியில் மாட்டு நிறங்களுக்கு இருக்கும் சொற்களைப் பற்றிப் பிற்பாடு படித்தபோது, அந்தப் பாட்டிதான் கண்முன் வந்தார்.

ஆப்பிரிக்காவில் ஒரு காட்டுப் பறவை மனிதர்களைக் கூப்பிட்டுப்போய்த் தேன்கூட்டைக் காட்டுமாம். தம்பி சொல்கிறான். கதை விடுகிறானா?
— வாசகர், திண்டுக்கல்

தம்பியை நம்புங்கள். அதற்குத் தேன்காட்டி என்றே பெயர். நம் கொண்டைக்குருவி அளவு இருக்கும். யாரும் பிடித்துப் பழக்குவதில்லை. கூண்டும் இல்லை, தீனியும் இல்லை. அதற்குப் பிடித்தது மெழுகும் புழுவும். ஆனால் மரப்பொந்தைப் பிளக்க அதனிடம் கோடரி இல்லை. தேனீயை விரட்டப் புகையும் இல்லை. நம்மிடம் இரண்டும் உண்டு, கூடு எங்கே என்பதுதான் தெரியாது. ஆக, மரத்துக்கு மரம் தாவிக் கத்திக்கொண்டே அது முன்னால் போகும். ஆள் பின்னால் போவார்.

1588இல், இன்றைய மொசாம்பிக்கின் சோஃபாலாவில் இருந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஜொவாவ் தோஸ் சாந்தோஸ், தேவாலயத்துக்குள் ஒரு குருவி புகுந்து மெழுகுவத்தியைக் கொத்தித் தின்பதைப் பார்த்து எழுதி வைத்தார். அது இந்தப் பறவைதான். வட கென்யாவின் போரான் மக்களிடையே நடந்த ஆய்வு 1989இல் வெளிவந்தது. பழக்கமில்லாத காட்டில் ஒரு கூட்டைக் கண்டுபிடிக்கத் தனியாகத் தேடினால் சராசரி 8.9 மணி நேரம். பறவை துணைக்கு வந்தால் 3.2.

எனக்கு மிகவும் பிடித்தது 2016இல் வந்த ஆய்வு. மொசாம்பிக்கின் நியாசாக் காட்டில் யாவோ தேன் வேட்டைக்காரர்கள் 'ப்ர்ர்ர்-ஹ்ம்' என்று நாக்கை உருட்டிப் பறவையை அழைப்பார்கள். அப்பாவிடம் கற்ற அழைப்பு. கிளேர் ஸ்பாட்டிஸ்வுட் குழுவினர் அதைப் பதிவுசெய்து, காட்டில் நடந்துகொண்டே ஒலிக்கவிட்டார்கள். வேறு நடைகளில் சாதாரணப் பேச்சையும் புறாவின் குரலையும் ஒலிக்கவிட்டார்கள். பேச்சுக்கும் புறாவுக்கும் பறவை வழிகாட்ட வந்த வாய்ப்பு 33 சதவீதம். யாவோ அழைப்புக்கு 66. தான்சானியாவின் ஹட்சா மக்கள் இதே பறவையைச் சீழ்க்கையடித்துக் கூப்பிடுகிறார்கள். அங்குள்ள பறவைகள் சீழ்க்கைக்கு அதிகம் வருகின்றன, நியாசாவில் இருப்பவை 'ப்ர்ர்ர்-ஹ்ம்'முக்கு. ஊருக்கு ஊர் பாஷை மாறுகிறது, பறவைக்கும்தான். இத்தனைக்கும் இது குயிலைப் போல அடுத்தவர் கூட்டில் முட்டையிடும் இனம். தாய் தகப்பன் முகமே பார்க்காமல் வளர்கிற குஞ்சுக்கு மனிதரின் அழைப்பைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது.

கூலி விஷயமும் ஒன்றுபோல் இல்லை. யாவோக்கள் மெழுகைப் பச்சை இலைமேல் எடுத்து வைத்துவிட்டு வருவார்கள். ஹட்சாக்கள் பல நேரம் மிச்சத் தேனடையைப் புதைத்துவிடுவார்கள், அல்லது எரித்துவிடுவார்கள். வயிறு நிறைந்த பறவை அடுத்த கூட்டைக் காட்டாதாம்! இதைப் படித்தபோது எனக்குச் சில முதலாளிகள் நினைவுக்கு வந்தார்கள்.

நம் பக்கத்தில் யாராவது இப்படி ஆராய்ந்திருக்கிறார்களா?
— வாசகி, கோத்தகிரி

உங்கள் மலையிலேயே! டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், மருத்துவம் படித்தவர், 1901–02இல் நீலகிரியில் தங்கித் தோடர்களைப் பற்றி எழுதிய பெரிய புத்தகம் 1906இல் வந்தது. அதில் பக்கத்துக்குப் பக்கம் எருமை. சாதாரண எருமையின் பால் வீட்டுக்கு. புனித மந்தையின் பாலுக்குத் தனிப் பால்மனை உண்டு, அதுவே கோயில். அங்கே கறப்பவரும் கடைபவரும் பூசாரியே. மந்தையின் தகுதி உயர உயர, அவருக்கான கட்டுப்பாடுகளும் கூடும். எருமைகளுக்கு உப்புத் தண்ணீர் காட்டுவதற்கும் சடங்கு உண்டு. ஒருவர் இறந்தால், மறு உலகில் அவருக்குத் துணையாக எருமையைப் பலி கொடுத்தார்கள்.

ஊட்டியில் இருந்த ஒன்றரை வருடத்தில், தடுப்பூசி போட ஒரு மந்துக்கு, அதாவது தோடர் குடியிருப்புக்கு, போனேன். பால்மனைச் சுவருக்கு இந்தப் பக்கமே நிற்கச் சொன்னார்கள். அரசாங்க ஊழியனையே நிறுத்துவதா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எருமைகள் என்னிடம் வரும், நான் அங்கே போகக் கூடாது, அவ்வளவுதான் ஏற்பாடு. ரிவர்ஸை அப்போதே படித்திருந்தால் ஒரு மணி நேர முணுமுணுப்பு மிச்சமாகியிருக்கும்.

பசுவை விற்ற அன்று அம்மா சோறு சாப்பிடவில்லை. கயிற்றையும் வாங்கியவரிடம் கொடுக்கவில்லை. இருபது ரூபாய்க் கயிறு சார்!
— வாசகர், தாராபுரம்

கயிற்றை எங்கே வைத்திருக்கிறார் என்று அம்மாவிடம் கேட்டீர்களா? கேளுங்கள். எங்கள் வீட்டுப் பரணில் மூன்று கயிறுகள் கிடக்கின்றன. எது எந்த மாட்டுடையது என்று அப்பாவுக்குத் தெரியும். எனக்கு ஒன்றுதான் தெரியும்.