ரசம் வற்றினால் உப்பு கூடியதாகுமா?

கேள்வி: எனக்கு 56 வயது. 11 வருடமாகச் சர்க்கரை. பல் தேய்த்துத் துப்பினால் நுரையில் ரத்தம் வருகிறது, கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. லேப் பேக்கேஜில் ரத்தம் கொடுத்ததில் 'ஐ.ஜி.ஜி. (கிருமியை எதிர்க்கும் ஒரு வகை ஆன்டிபாடி) சற்று அதிகம்' என்று வந்திருக்கிறது. "எதிர்ப்பு சக்தி நல்லாத்தானே இருக்கு அத்தை" என்கிறாள் மருமகள். அப்புறம் ஈறு ஏன் இப்படி? எச்சிலிலும் ஆன்டிபாடி பார்க்கட்டுமா?
- ஒரு வாசகி, தேனி

பல் மருத்துவர் பதில்: மருமகளைக் குறை சொல்ல மாட்டேன் அம்மா, அந்த ரிப்போர்ட்டைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஈறில் மாதக்கணக்கில் கிருமி குடியிருந்தாலே அதை எதிர்க்கிற ஐ.ஜி.ஜி. ரத்தத்தில் ஏறும். சண்டை நடக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், ஜெயித்துவிட்டோம் என்றல்ல. போதாக்குறைக்கு, ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு எச்.பி.ஏ.1.சி.யாக (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) தெரிகிறதே, அதே சர்க்கரை ஆன்டிபாடியிலும் ஒட்டும். எண்ணிக்கை இருந்தும் வேலை மந்தமாகலாம்.

எச்சிலின் காவல்காரன் வேறு ஆள்: ஐ.ஜி.ஏ. என்ற இன்னொரு வகை ஆன்டிபாடி. பெரும்பாலும் உமிழ்நீர்ச் சுரப்பியிலேயே தயாராகி, கிருமி பல்லிலும் ஈறிலும் ஒட்டாமல் தடுப்பது இதுதான். சர்க்கரைக்காரர்களுக்கு இது கூடுகிறது என்று சில ஆய்வுகள், குறைகிறது என்று சில. என்ன குழப்பம் இது என்று நானும் நினைத்ததுண்டு. ஒரு காரணம் நம் அடுப்பங்கரையிலேயே இருக்கிறது. ரசம் வற்றினால் கரிக்கும், நீங்கள் உப்பை அள்ளிப் போட்டிருக்க வேண்டியதில்லை. வாய் உலர்ந்தவருக்கும் அப்படித்தான். ஒரு மில்லியில் ஐ.ஜி.ஏ. அதிகமாகத் தெரியும், ஆனால் நிமிடத்துக்கு வாயில் ஊறுவது குறைவாக இருக்கும்.

அதனால் அந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்காதீர்கள். நான் முதலில் பார்ப்பது வேறு. பல் பார்க்கும் சிறு கண்ணாடியைக் கன்னத்தின் உட்புறம் வைத்து எடுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒட்டிக்கொண்டு வந்தால் வாய் காய்ந்திருக்கிறது. சந்தேகமென்றால் 5 நிமிடம் ஒரு கப்பில் உமிழ்நீரைச் சேர்க்கச் சொல்வேன். அரை மில்லிகூடத் தேறாதவர்கள் உண்டு.

ஆடுகிற பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்து, ஈறுக்கு அடியில் இருக்கும் காரையைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். ஈறு ஆறினால் மூன்று, நான்கு மாதத்தில் எச்.பி.ஏ.1.சி. சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி அளவுக்கு இறங்குவதுண்டு. போகும்போது லேப் ரிப்போர்ட்டை மறந்தாலும் பரவாயில்லை, மாத்திரை அட்டைகளை மறக்காதீர்கள். பிரஷர் மாத்திரைகளில் சில வாயை உலர்த்தும்.