கார் வராத வழியில் ஸ்பெயின்: திராட்சைத் தோட்டங்களும் மலைக் குகைகளும் – சைக்கிள் பயணக் கேள்வி பதில்

ஸ்பெயினில் பழைய ரயில் தடங்களின் மேல் சைக்கிள் ஓட்டிய அனுபவத்தைச் சொன்னதும் நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டு, முடிந்தவரை எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறேன். நான் அதிகம் பேசப்போவது ஒரே ஒரு வழியைப் பற்றித்தான். மூன்று முறை போய்வந்தும் எனக்கு அலுக்காத வழி அது.

மதுரையிலிருந்து: அண்ணா, கார், லாரி எதுவுமே வராது என்கிறீர்கள். நிஜமாகவே வராதா? முதல் தடவை போகிறவன் எந்த வழியைப் பிடிக்க வேண்டும்?

நிஜமாகவே வராது தம்பி. இவை சாலையே கிடையாது. ரயில் நின்றுபோன பிறகு தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று ஒதுக்கிய தடங்கள். ஸ்பானிய மொழியில் 'வியா வெர்தே' என்பார்கள், பச்சை வழி என்று அர்த்தம். 1993இல் தொடங்கிய திட்டம் இது. ஸ்பானிய ரயில்வே அறக்கட்டளை இதை ஒருங்கிணைக்கிறது. இன்று நாடு முழுவதும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் இப்படிப்பட்ட வழிகள் இருக்கின்றன. வயலுக்குப் போகும் விவசாயியின் டிராக்டர் சில இடங்களில் குறுக்கே வரும். தார்ச் சாலையைக் கடக்க வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே மட்டும் இறங்கிப் பார்த்துப் போனால் போதும்.

முதல் தடவைக்கு நான் சொல்வது ஸ்பெயினின் வடகிழக்கில் உள்ள கத்தலோனியா மாநிலத்தின் தெற்கு மூலையில் இருக்கும் தெர்ரா ஆல்தா வழியும், அதைத் தொடர்ந்து வரும் பைஷ் எப்ரே வழியும். ஆர்னெஸ் ஊருக்கு வெளியே இருக்கும் பழைய ஸ்டேஷனில் தொடங்கி எப்ரோ ஆற்றங்கரையில் உள்ள தொர்தோசா நகரம் வரை சுமார் 50 கி.மீ. தொடக்கத்தில் வலது பக்கம் எல்ஸ் போர்ட்ஸ் மலை, சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறைகளாக நிற்கும். இடது பக்கம் திராட்சையும் பாதாமும் ஆலிவும். பொட் என்ற சின்ன ஊரைத் தாண்டியதும் வழி மலையிடுக்குக்குள் நுழைகிறது. அப்புறம் குகை (ரயிலுக்காக மலையைக் குடைந்த சுரங்கத்தைத்தான் சொல்கிறேன்), பாலம், மறுபடியும் குகை. கடைசியில் பள்ளத்தாக்கு விரிந்து எப்ரோ தெரியும். ஷெர்தா பக்கம் வரும்போது இரண்டு பக்கமும் ஆரஞ்சுத் தோப்புகள். மலை, திராட்சை, ஆறு மூன்றையும் இவ்வளவு குறைந்த தூரத்தில் பார்க்க வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே நாளில் ஓட்டி முடித்துவிடலாம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இரண்டு நாள் வையுங்கள், முடிந்தால் மூன்று.

டொரொன்டோவிலிருந்து: அண்ணை, எனக்கு 62 வயசு. முழங்கால் ஒப்பரேஷன் செய்து இரண்டு வருஷம். சைக்கிள் ஓடுவன், ஆனால் ஏற்றம் எண்டால் பயம். மலைநாட்டில எனக்குச் சரிவருமோ?

உங்களுக்குச் சரிவரும் ஐயா. காரணம் ரயில்தான். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் பொறியாளர்கள் மலையைச் சுற்றியும் குடைந்தும் தடத்தைக் கிட்டத்தட்டச் சமமாகவே கொண்டுபோனார்கள். இப்படிப்பட்ட வழிகளில் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டுவது அபூர்வம். அதிலும் ஆர்னெஸிலிருந்து தொர்தோசா பக்கம் வந்தால் பெரும்பகுதி இறக்கம். மிதிக்காமலே வண்டி உருளும் நீண்ட தூரங்கள் உண்டு.

கவனிக்க வேண்டியது ஒன்று. ரயில் தடம் சமம், ஊர்கள் சமமில்லை. பல ஊர்கள் குன்றின் மேல் இருக்கும், ஸ்டேஷன் கீழே இருக்கும். ஓர்தா தெ சான் ஜோவான் அப்படித்தான், கடைசியில் நல்ல ஏற்றம். ஆனாலும் அந்த ஊரை விட்டுவிடாதீர்கள். பிக்காசோ 16 வயதில், 1898இல், உடம்பு தேற வந்து நண்பரின் குடும்பத்தோடு தங்கிய ஊர் அது. 1909இல் மறுபடியும் வந்து அந்த வீடுகளையும் மலையையும் கட்டம் கட்டமாக வரைந்தார். ஊருக்குக் கீழே நின்று பார்த்தால் வீடுகள் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிய பெட்டிகள் போலவே தெரியும். அவர் ஏன் அப்படி வரைந்தார் என்பது சட்டென்று புரிந்துவிடும். மின்சார சைக்கிள் வாடகைக்கு எடுத்தீர்களென்றால் அந்த ஏற்றமும் முழங்காலுக்குத் தெரியாது.

சேலத்திலிருந்து: குகை என்றாலே எனக்கு மூச்சு முட்டும். எவ்வளவு நீளம்? உள்ளே விளக்கு இருக்குமா?

இந்த வழியில் இருபதுக்கு மேல் குகைகள். பெரும்பாலானவை சின்னவை, நுழையும்போதே மறுமுனை தெரியும். சிலதில் விளக்கு இருக்கிறது. ஆனால் அதை நம்பி யாரும் போகக் கூடாது.

போன முறை என்னோடு வந்த நண்பரின் ஹெட்லைட் ஒரு வளைந்த குகையின் நடுவில் அணைந்துபோனது. முந்தின இரவு சார்ஜ் போட்டோமா என்று இருவருமே சரிபார்க்கவில்லை. என் விளக்கு முன்னால் பத்தடிக்கு மட்டும் வெளிச்சம் காட்டியது. இருவரும் இறங்கி, அவர் ஒரு கையால் சுவரைத் தொட்டபடி, நடந்தே வந்தோம். சுவர் ஈரமாக, கரடுமுரடாக இருந்தது. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் தரையில் விழும் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. வெளியே 30 டிகிரி வெயில், உள்ளே கை சில்லிட்டது. வளைவு திரும்பியதும் தூரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அது மெல்ல மெல்லப் பெரிதாகி, நடுவில் ஒரு பைன் மரம் தெரிந்த கணம் இன்னும் கண்ணில் இருக்கிறது.

அதனால் ஆளுக்கு இரண்டு விளக்கு: ஒன்று வண்டியில், ஒன்று பையில். பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். நுழைவதற்கு முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், வேகத்தைக் குறையுங்கள், வலப்பக்கமே போங்கள், மணி அடியுங்கள். உள்ளே நடந்து வருகிறவர்கள் கையில் விளக்கு இல்லாமல் இருக்கலாம்.

உங்கள் பயத்துக்கு ஒரு யோசனை: ஆர்னெஸ் பக்கமிருந்து தொடங்கினால் பெரும்பாலும் திறந்த வெளிதான் முதலில் வரும். பொட் வரை ஓட்டிப் பாருங்கள். மனசு ஒத்துக்கொண்டால் மேலே போகலாம், இல்லையென்றால் திரும்பிவிடலாம்.

கோவையிலிருந்து: நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்க வேண்டி வருமா?

பட்டினி இல்லை, ஆனால் எச்சரிக்கை வேண்டும். "இறைச்சி இல்லாமல்" என்று மட்டும் கேட்டால் அந்தப் பக்கத்தில் டூனா மீன் போட்ட சாண்ட்விச் வந்துவிடும். ஹாம் என்ற பன்றி இறைச்சித் துண்டைக்கூட இறைச்சிக் கணக்கில் சேர்க்காத கடைக்காரர்கள் உண்டு. எனக்கே ஒரு சாலடில் டூனா வந்தது. ஆகவே "இறைச்சி, மீன், டூனா, ஹாம் எதுவும் வேண்டாம்" என்று ஒவ்வொன்றாகச் சொல்லும் வாக்கியத்தை ஸ்பானிய மொழியில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம்பிச் சாப்பிடக்கூடியவை: சுட்ட ரொட்டியில் பூண்டும் தக்காளியும் தேய்த்து ஆலிவ் எண்ணெய் ஊற்றித் தருவது, காலையில் எந்தக் கடையிலும் கிடைக்கும். கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் தணலில் சுட்டு உரித்துத் தரும் எஸ்கலிவாதா, நம் சுட்ட கத்தரிக்காய்க்கு அண்ணன் தம்பி மாதிரி. முட்டை சாப்பிடுவீர்களென்றால் தோர்தில்லா என்ற உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடை கைகொடுக்கும்.

இதைவிட முக்கியம் நேரம். மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு மேல்தான், இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு. நடுவில் மதியம் இரண்டு முதல் ஐந்து வரை சின்ன ஊர்க் கடைகள் மூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை இன்னும் மோசம். பழம், ரொட்டி, பாதாம் எப்போதும் பையில் இருக்கட்டும். தண்ணீரும் அப்படித்தான், இரண்டு பாட்டில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.

பெங்களூரிலிருந்து: அந்தத் திராட்சைத் தோட்டங்களுக்குள் போகலாமா? வைன் குடித்துவிட்டு ஓட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

போலீஸ் கேட்பார்கள். குடிபோதை வரம்பு கார் ஓட்டுநருக்கு எப்படியோ சைக்கிள்காரருக்கும் அப்படியே, அபராதமும் உண்டு. அதைவிட, ஒரு பக்கம் பள்ளமும் நடுவில் இருட்டுக் குகையும் இருக்கும் வழி இது. மாலையில் வண்டியைப் பூட்டிவிட்டு, தங்கும் ஊரில் உட்கார்ந்து ருசியுங்கள்.

தோட்டத்தைப் பற்றிக் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. இங்கே பெரிய பெருமை வெள்ளை கர்நாச்சா என்ற திராட்சை. உலகிலேயே அது அதிகமாக விளையும் இடங்களில் தெர்ரா ஆல்தாவும் ஒன்று. பழைய தோட்டங்களில் பந்தலோ கம்பியோ இருக்காது. ஒவ்வொரு கொடியும் தனிச் செடி போல முழங்கால் உயரத்தில், முறுக்கிய கறுத்த தண்டோடு தானாக நிற்கும். மழை குறைவு, காற்று அதிகம். தாழ்வாகக் கவாத்துச் செய்து வளர்ப்பது அதற்குத் தோதான பழைய முறை. கீழே மஞ்சள் கலந்த மணல் மண். செப்டம்பரில் போனால் அறுவடை நடக்கும், குடும்பமாகக் குனிந்து வெட்டிக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் நின்று பார்க்கலாம், வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் வரும். ஆனால் ஒரு குலையைக்கூடப் பறிக்காதீர்கள். அது அவர்களுடைய வருஷக் கூலி.

நேரம் இருந்தால் காந்தேசா ஊரின் கூட்டுறவு வைன் ஆலையைப் போய்ப் பாருங்கள். சேசார் மார்தினெல் என்ற கட்டடக் கலைஞர் 1919இல் வடிவமைத்தது. வைனின் தேவாலயம் என்று அங்கே சொல்வார்கள், உள்ளே மேலே வளையும் செங்கல் வளைவுகளைப் பார்த்தால் ஒத்துக்கொள்வீர்கள். ஒரு விஷயம், பொட்டிலிருந்து காந்தேசாவுக்குப் போவது கார் ஓடும் சாலை. ஓரமாகப் போங்கள். முந்துகிற வண்டி சைக்கிளுக்கு ஒன்றரை மீட்டர் இடம் விட வேண்டும் என்பது அங்கே சட்டம். தலைக்கவசமும் ஊருக்கு வெளியே கட்டாயம்.

திருச்சியிலிருந்து: இவ்வளவு செலவு செய்து குடைந்த ரயில் பாதையை ஏன் கைவிட்டார்கள்?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். வால் தெ சஃபான் என்ற இந்தப் பாதையின் நோக்கம் பக்கத்து மாநிலமான அரகோனின் உட்பகுதியைக் கடலோடு சேர்ப்பது. அங்கே உள்ள அல்கன்யீஸ் ஊர் வரை முதல் பகுதி 1895இல் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு வேலை பல வருஷம் இழுத்தது. உள்நாட்டுப் போர் வந்தது. 1938இல் எப்ரோ சண்டை இந்த மலைகளில்தான் நடந்தது. அப்போது அரசுக்கு எதிராகப் போரிட்ட தளபதி ஃபிராங்கோவின் தரப்பு தன் படைகளுக்குச் சரக்குக் கொண்டுவரவும் காயம்பட்டவர்களை அனுப்பவும் இந்தத் தடத்தைப் பயன்படுத்தியது. போர்க் கைதிகளை வைத்து வேலை வாங்கினார்கள். 1940களின் தொடக்கத்தில் ஒருவழியாகத் தொர்தோசாவை எட்டியது. கடலை எட்டவே இல்லை. ஆள் குறைவு, சரக்கும் குறைவு. 1973இல் ரயில் நின்றது.

குகைகளில் போகும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் ஜாலியாகப் போகும் இந்தத் துளைகளில் சிலவற்றின் பின்னால் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. காந்தேசாவுக்கு அடுத்த கோர்பேரா ஊரில், குண்டுவீச்சில் இடிந்த பழைய ஊரை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். இடிந்த தேவாலயம் வரை நடந்து போகலாம்.

லண்டனிலிருந்து: எந்த மாதம் நல்லது? காற்று பற்றிப் பயமுறுத்துகிறார்களே.

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அப்புறம் செப்டம்பர், அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும். பிப்ரவரியில் பாதாம் பூக்கும், குளிர் தாங்குவீர்களென்றால் அது தனி அழகு. காற்று விஷயம் உண்மைதான். வடமேற்கிலிருந்து 'செர்ஸ்' என்ற வறண்ட காற்று எப்ரோ பள்ளத்தாக்கு வழியாக நாள்கணக்கில் வீசும். தொர்தோசா பக்கம் போகிறவருக்கு அது பெரும்பாலும் பின்காற்று. மேலிருந்து கீழே வாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இரண்டாவது காரணம் அதுதான்.

சென்னையிலிருந்து: சைக்கிளை இங்கிருந்தே கொண்டுபோகவா? விசா?

இரண்டு, மூன்று நாளுக்கு வாடகை வண்டியே போதும். வாடகைக்குத் தருகிறவர்களே வேனில் ஏற்றி ஆர்னெஸில் இறக்கிவிடும் ஏற்பாடும் உண்டு. ஆர்னெஸ் பக்கம் இப்போது ரயில் கிடையாது என்பதால் இது பெரிய உதவி. பார்சிலோனாவிலிருந்து தொர்தோசாவுக்குச் சாதாரண ரயில் இருக்கிறது. சொந்த வண்டி என்றால் 38 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமான டயர், இரண்டு ட்யூப், பஞ்சர் சாமான். அதிவேக ரயிலில் கழற்றிப் பையில் போட்டால்தான் ஏற்றுவார்கள். விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன்தான். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

ஈரோட்டிலிருந்து: அண்ணா, என் மகளுக்கு 8 வயசு. அவளைத் தனிச் சைக்கிளில் ஓட்ட விடலாமா?

விடலாம்மா. அவளுக்குத் தலைக்கவசம் ஊருக்குள்ளும் கட்டாயம், அது சட்டம். ஒரு நாளைக்கு 15 கி.மீ. போதும். முதல் நாள் ஆர்னெஸிலிருந்து பொட் வரை. இரண்டாம் நாள் ஃபோன்கால்தாவில் நிறுத்துங்கள். வழியிலிருந்து கொஞ்சம் கீழே, மலையிடுக்கில் ஒரு சின்னக் கோயிலும் ஆறும். வெதுவெதுப்பான ஊற்று அங்கே ஆற்றில் கலக்கிறது. என் அக்கா மகன் அங்கே ஒரு கையை ஊற்றுத் தண்ணீரிலும் இன்னொன்றை ஆற்றுத் தண்ணீரிலும் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. நீச்சல் உடையும் துண்டும் பையின் மேலாக வையுங்கள். திரும்பி ஏறும் இடம் செங்குத்து, அவள் வண்டியை நீங்கள்தான் தள்ள வேண்டியிருக்கும்.