பேசப்படாத ரிசீவர் இந்த சீசனில் எழுவாரா? ஆகஸ்டிலேயே கண்டுபிடிக்க என்ன பார்க்க வேண்டும்

அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் போன வருடம் முதல் ரிசீவராக (எறிந்த பந்தைப் பிடிப்பவர்) இருந்தவர் என்எஃப்எல் (தொழில்முறை லீக்) போய்விட்டார். அவருக்கு அடுத்து இருந்தவரைப் பற்றி யாருமே பேசுவதில்லை, ஆனால் அவர் ஓடுகிற விதத்தைப் பார்த்தால் பெரிதாக வருவார் என்று எனக்குத் தோன்றுகிறது. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கும் இந்த முறை வேறு கல்லூரியிலிருந்து டிரான்ஸ்ஃபரில் வருகிற புது ஆள். நண்பர்களோடு ஆடும் கல்லூரி ஃபேன்டஸி லீக்கில் (நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து, அவர்கள் ஆடுவதை வைத்துப் புள்ளி வாங்கும் விளையாட்டு) இவரை எடுக்கலாமா? எதை வைத்து முடிவு செய்வது?"

எடுக்கலாம். ஆனால் கடைசிச் சுற்றுகளில் எடுங்கள், முன்னால் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், அந்த ரிசீவரைப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு அவரைச் சுற்றி இருப்பவர்களைப் பாருங்கள். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் கையில் பந்தை நேராகக் கொடுத்துவிடுகிறார்கள், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார். ரிசீவருக்கு அப்படி இல்லை. கோச் பாஸ் ஆட்டத்தை அழைக்க வேண்டும், லைன்மேன்கள் இரண்டரை மூன்று நொடி தடுத்து நிற்க வேண்டும், குவார்ட்டர்பேக் இவர் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும், பார்த்துச் சரியாக எறியவும் வேண்டும், இவ்வளவும் நடந்த பிறகுதான் இவருடைய திறமைக்கே வேலை வருகிறது. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். பேசப்படாத ரிசீவர்களில் பெரும்பாலானோர் பேசப்படாமல் இருப்பதற்குக் காரணம் சட்டி காலியாக இருந்ததுதான், அகப்பையில் ஒரு குறையும் இருக்காது.

இதற்கு ஜஸ்டின் ஜெபர்சனை விடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இன்று அவர் பெயரைக் கேட்டால் எல்லோருக்கும் என்எஃப்எல் அணியான மினசோட்டா வைகிங்ஸ் ஞாபகம் வரும். ஆனால் 2017இல் எல்எஸ்யுவில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) சேர்ந்தபோது முன்னணிப் பட்டியல்களில் அவர் பெயர் இல்லை, அண்ணன்கள் இருவரும் அதே அணிக்கு ஆடியவர்கள் என்பதுதான் அடையாளம். முதல் வருடம் ஒரு கேட்ச் கூட இல்லை. 2018இல் 54 கேட்ச், 875 யார்டு, 6 டச் டவுன் (எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டி எடுக்கும் ஸ்கோர்). நல்ல எண்கள்தான், ஆனால் 2019 ஆகஸ்டில் இந்த எண்களைப் பார்த்து நாட்டிலேயே சிறந்தவர்களில் ஒருவர் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வருடமே 111 கேட்ச், 1,540 யார்டு, 18 டச் டவுன். ஓக்லஹோமாவுக்கு எதிரான பீச் பவுலில் (சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்று) முதல் பாதியிலேயே நான்கு டச் டவுன்.

ஒரே கோடையில் அவர் வேறு ஆளாக மாறிவிடவில்லை. மாறியது மூன்று விஷயங்கள். குவார்ட்டர்பேக் ஜோ பரோ 2018 கோடையில்தான் ஒஹையோ ஸ்டேட்டிலிருந்து வந்து சேர்ந்தார், வசந்தகாலப் பயிற்சி அவருக்குக் கிடைக்கவே இல்லை, அந்த வருடம் அவர் எறிந்த பாஸ்களில் 57.8 சதவீதம்தான் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடம் முழு ஆஃப் சீசனும் அதே ரிசீவர்களோடு எறிந்து பழகினார், 76.3 சதவீதம், 60 டச் டவுன். நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்எஃப்எல் அணியிலிருந்து கோச்சாக ஜோ பிரேடி வந்து பாஸ் ஆட்டத்தையே விரித்துப் போட்டார். அப்புறம் ஜெபர்சனைப் பெரும்பாலும் ஸ்லாட்டில், அதாவது ஓரத்தை விட்டு உள்பக்கம் நிறுத்தினார்கள், அங்கே அவருக்குப் பந்து பிடிக்க இடமும் இருந்தது, எதிரணியின் முதல்தர கார்னர்பேக்கின் நேரடிக் காவலும் குறைந்தது.

இதில் 2019 ஆகஸ்டிலேயே தெரிந்திருந்தது எவ்வளவு? முதல் இரண்டும். பிரேடி வந்தது ஜனவரியில். பரோ இரண்டாவது வருடம் ஆடப்போகிறார் என்பதும் தெரியும். ஜெபர்சனின் 875 யார்டை மட்டும் தனியாகப் பார்த்தவர்கள் இதைத் தவறவிட்டார்கள்.

அந்த 875ஐ எப்படிப் பார்த்திருக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உடனே பயன்படும் விஷயம். பரோ 2018இல் எறிந்தது மொத்தம் 2,894 யார்டு. 875ஐ அதன் பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம். அதே அணியில் அந்த வருடம் ஜமார் சேஸ் பிடித்தது வெறும் 23 கேட்ச், 313 யார்டு. அதாவது சின்னச் சட்டியிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமாக ஜெபர்சன் ஒருவரே அள்ளியிருக்கிறார். மொத்த யார்டைப் பார்க்காதீர்கள், பங்கைப் பாருங்கள். உங்கள் அணியின் மொத்த பாஸிங் யார்டை எடுத்துக்கொண்டு உங்கள் ஆள் ஆடிய ஆட்டங்களை மட்டும் கணக்கில் வைத்து வகுத்துப் பாருங்கள், காயத்தால் உட்கார்ந்த ஆட்டங்களைச் சேர்த்துவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். என் அனுபவத்தில் இரண்டாம் ரிசீவராக இருந்தவர் 20 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் கவனிக்க வேண்டிய ஆள். முதல் ரிசீவர் போன பிறகு அந்தப் பங்கு ஏறத்தான் வாய்ப்பு.

காயம் என்றதும் புக்கா நகுவா ஞாபகம் வருகிறார். பிஒய்யுவில் (பிரிகம் யங் பல்கலைக்கழகம்) 2022இல் அவர் ஆடியது 9 ஆட்டம்தான், 48 கேட்ச், 625 யார்டு. இந்த எண்களைப் பார்த்துவிட்டு டிராஃப்டில் (என்எஃப்எல் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) 177வது ஆள் வரை எல்லா அணிகளும் அவரைக் கடந்து போனார்கள். அடுத்த வருடம் அவரை எடுத்த ராம்ஸுக்கு 105 கேட்ச், 1,486 யார்டு, அறிமுக ரிசீவர்களில் அதுவரை யாரும் எட்டாத அளவு. ஆனால் பிஒய்யுவில் கோச்கள் அவர் கையில் பந்தை நேராகக் கொடுத்தும் ஓட விட்டார்கள், அந்த 9 ஆட்டத்தில் ஓட்டத்திலும் 209 யார்டு, 5 டச் டவுன். எப்படியாவது இவர் கையில் பந்தைச் சேர்த்துவிட வேண்டும் என்று ஒரு கோச் நினைக்கிறார் என்றால் அதைவிடப் பெரிய நற்சான்று எதுவும் இல்லை. பேட்டிகளில் சொல்லும் பாராட்டை நான் பொருட்படுத்துவதில்லை, எல்லா கோச்சும் எல்லா ரிசீவரையும் வசந்தகாலத்தில் பாராட்டுவார்கள். ஆட்டத்தில் என்ன அழைத்தார்கள் என்று பாருங்கள்.

சரி, பங்குக் கணக்கு எப்போதும் காப்பாற்றுமா? காப்பாற்றாது. எல்எஸ்யுவிலேயே பிரையன் தாமஸ் ஜூனியர் 2022இல் 31 கேட்ச், 361 யார்டு, பங்கு என்று பார்த்தால் சுமார் 10 சதவீதம். என் அளவுகோலின்படி அவர் தேறவே மாட்டார். 2023இல் 68 கேட்ச், 1,177 யார்டு, 17 டச் டவுன், அந்த வருடம் நாட்டிலேயே அதிக டச் டவுன் பிடித்தவர் அவர்தான். அங்கே வேறு அறிகுறிகள் இருந்தன. கேஷான் பூட்டே என்எஃப்எல் போனதால் ஒரு பக்கம் முழுக்கக் காலியானது, மறுபக்கம் மாலிக் நேபர்ஸ் இருந்ததால் எதிரணியின் காவல் அவர் பக்கம் சாய்ந்தது, ஜேடன் டேனியல்ஸ் அந்த அணியில் தன் இரண்டாவது வருடத்தை ஆடினார். பிடித்த 31இல் 5 டச் டவுன் என்பதும் ஒரு குறிப்பு, கோல் லைன் பக்கத்தில் அவருடைய உயரத்தை அப்போதே நம்பியிருக்கிறார்கள். உங்கள் ஆளின் நிலைமை இதற்குத்தான் நெருக்கம், முதல் ரிசீவர் போய்விட்டார் என்கிறீர்கள். ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: தாமஸுக்கு எதிர்ப்பக்கம் நேபர்ஸ் இருந்தார். உங்கள் அணியில் எதிர்ப்பக்கம் யாரும் இல்லையென்றால் போன வருடம் முதல் ரிசீவர் மேல் விழுந்த காவல் முழுவதும் இந்த வருடம் உங்கள் ஆள் மேல் விழும். இதை மறந்துவிட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நான் மிகவும் நம்பும் இன்னொரு இடம் போன சீசனின் கடைசி ஆட்டம். பவுல் ஆட்டங்களில் டிராஃப்டுக்குப் போகிறவர்கள் பலர் ஆடாமல் விலகிவிடுகிறார்கள், அதனால் அடுத்த வருடத்து அணியை நாம் முன்கூட்டியே பார்த்துவிடலாம். 2022 ஜனவரி 1, ரோஸ் பவுல். ஒஹையோ ஸ்டேட்டில் கிறிஸ் ஒலாவே, கேரட் வில்சன் இருவரும் ஆடவில்லை. யூட்டாவுக்கு எதிராக ஜாக்சன் ஸ்மித்-இன்ஜிக்பா 15 கேட்ச், 347 யார்டு. எல்லோரும் அதைத்தான் பேசினார்கள். அதே ஆட்டத்தில் முதல் வருடப் பையன் ஒருவர், அதற்கு முன் அந்த சீசன் முழுவதும் ஐந்தே கேட்ச் பிடித்தவர், மூன்று டச் டவுன் அடித்தார். அவர்தான் மார்வின் ஹாரிசன் ஜூனியர். அடுத்த சீசனில் 1,263 யார்டு, 14 டச் டவுன். ஸ்மித்-இன்ஜிக்பாவுக்கோ முதல் ஆட்டத்திலேயே தொடைத் தசையில் காயம், அந்த சீசன் முழுவதும் 5 கேட்ச், 43 யார்டு, அவ்வளவுதான். 347 யார்டு ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அவரை முதல் சுற்றில் எடுத்தவர்களுக்கு மனது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அவரைப் போன்ற உறுதியான ஆளுக்கே அப்படி. கடைசிச் சுற்றில் எடுங்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் அணி பவுல் ஆடியிருந்து, முதல் ரிசீவர் அதில் விலகியிருந்தால் அந்த ஆட்டத்தை முழுதாக மறுபடி பாருங்கள். வசந்தகாலக் காட்சி ஆட்டத்துக்கு அவ்வளவு நேரம் செலவழிக்க வேண்டாம், அதில் யாரும் எதையும் காட்டுவதில்லை.

இப்போது புது குவார்ட்டர்பேக். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தருவது இதுதான். பரோ, டேனியல்ஸ் இருவருமே ஹைஸ்மன் (கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த வீரர் விருது) வாங்கியவர்கள், இருவருக்குமே புது அணியில் முதல் வருடம் சுமார்தான், இரண்டாவது வருடம்தான் வெடித்தது. ரிசீவர் எந்த அடியில் திரும்புவார் என்று குவார்ட்டர்பேக்குக்கு உடம்பிலேயே ஏற வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும். உங்கள் குவார்ட்டர்பேக் ஜனவரியிலேயே வந்து வசந்தகாலப் பயிற்சி முழுவதும் எறிந்திருக்கிறாரா, ஜூனில்தான் வந்து சேர்ந்தாரா என்று பாருங்கள். ஜூன் என்றால் ரிசீவரை இன்னும் இரண்டு சுற்று கீழே தள்ளுங்கள்.

நல்ல குவார்ட்டர்பேக் வந்தால் மட்டும் போதும் என்றும் நினைக்காதீர்கள். ஜோர்டான் ஆடிசன் 2021இல் பிட்ஸ்பர்க்கில் கென்னி பிக்கெட் எறிய 100 கேட்ச், 1,593 யார்டு, 17 டச் டவுன் அடித்து, சிறந்த ரிசீவருக்கான பிலெட்னிகாஃப் விருது வாங்கினார். அடுத்த வருடம் யுஎஸ்சி (சதர்ன் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) போனார், எறிந்தவர் அந்த வருடம் ஹைஸ்மன் வாங்கிய கேலப் வில்லியம்ஸ். ஆடிசனுக்குக் கிடைத்தது 59 கேட்ச், 875 யார்டு. நடுவில் காயம் உண்டு, அது உண்மை, ஆனால் அங்கே பந்து பல கைகளுக்குப் பிரிந்தது. சட்டி பெரிதுதான், அகப்பைகளும் அதிகம்.

எதிர்த்திசையிலும் ஒரு கதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. நிக் நாஷ் சான் ஹோஸே ஸ்டேட்டுக்குக் குவார்ட்டர்பேக்காக வந்து ரிசீவராக மாறியவர். 2023இல் 48 கேட்ச், 728 யார்டு. 2024இல் புதுத் தலைமைக் கோச்சாக வந்தவர் கென் நியுமட்டலோலோ, கடற்படை அகாடமியில் பாஸே எறியாத ஆட்டத்துக்குப் பெயர் பெற்றவர். அந்தப் பெயரைப் பார்த்ததும் நாஷைப் பட்டியலிலிருந்து அடித்துவிடத்தான் தோன்றும். ஆனால் ஆஃபென்ஸை (தாக்கும் ஆட்டத்தை) நடத்த அவர் அழைத்து வந்தது கிரெய்க் ஸ்டட்ஸ்மன் என்ற பாஸ் ஆட்டக்காரரை. நடுவில் குவார்ட்டர்பேக் மாறியும்கூட நாஷ் 104 கேட்ச், 1,382 யார்டு, 16 டச் டவுன், மூன்றிலும் நாட்டிலேயே முதலிடம். அதனால் தலைமைக் கோச் பெயரோடு நிற்காதீர்கள், ஆட்டத்தை அழைக்கப்போவது யார், அவர் முன்பு இருந்த அணி ஒரு ஆட்டத்துக்கு எத்தனை முறை பாஸ் எறிந்தது என்று தேடிப் பாருங்கள். 35க்கு மேல் என்றால் நல்லது, 25 என்றால் உங்கள் ஆள் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் ஃபேன்டஸிக்கு வேண்டாம்.

உடம்பு அளவு, பள்ளிக்கால நட்சத்திர மதிப்பீடு இவற்றைக் கேட்கவில்லை, நல்லது, நானும் அதிகம் பார்ப்பதில்லை. ஒல்லி உடம்போடு டிவான்டா ஸ்மித் 2020இல் அலபாமாவுக்கு 1,856 யார்டு எடுத்து, 1991க்குப் பிறகு ஹைஸ்மன் வாங்கிய முதல் ரிசீவர் ஆனார்.

லீக்கில் எடுத்த பிறகு முதல் இரண்டு மூன்று ஆட்டங்களின் யார்டை வைத்து எதுவும் செய்யாதீர்கள், விற்கவும் வேண்டாம், குதிக்கவும் வேண்டாம். செப்டம்பர் தொடக்கத்தில் பல பெரிய அணிகள் பலவீனமான அணிகளோடுதான் ஆடுகின்றன, மூன்றாவது குவார்ட்டரிலேயே முதல் வரிசையை வெளியே எடுத்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக ஒன்றை மட்டும் குறித்து வையுங்கள்: மூன்றாவது டவுன் (பத்து யார்டு தாண்டக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), தாண்ட வேண்டியது ஆறு யார்டுக்கு மேல், அந்த நேரத்தில் உங்கள் ஆள் களத்தில் இருக்கிறாரா, பந்து அவர் பக்கம் வருகிறதா. கேட்ச் ஆகவில்லை என்றாலும் பரவாயில்லை. முதல் கான்ஃபரன்ஸ் (அணி சேர்ந்திருக்கும் பிரிவு) ஆட்டத்தில் அப்படி மூன்று நான்கு முறை அவர் பக்கம் எறிந்தால் அவரை உங்கள் முதல் வரிசையில் போடுங்கள், ஒரு முறைகூட எறியவில்லை என்றால் அன்று இரவே இடத்தைக் காலி செய்து வேறு ஆளை எடுத்துவிடுங்கள்.