13 வெற்றி இருக்கட்டும், சபையில் என்ன செய்தார்?

கேள்வி: கருணாநிதி 13 முறை சட்டமன்றத் தேர்தலில் நின்று ஒரு முறைகூடத் தோற்கவில்லை என்று பெருமையாகச் சொல்கிறார்கள். தோல்விக்குப் பயந்து தொகுதி மாறிக்கொண்டே இருந்தவருக்கு இது ஒரு சாதனையா?

பதில்: மாறினார், உண்மைதான். குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், கடைசியாகத் திருவாரூர். கேரளத்தில் கே.எம். மாணி 1965-லிருந்து பாலா என்கிற ஒரே தொகுதியில் நின்று 13 முறை ஜெயித்தார். அவரோடு ஒப்பிட்டுக் கேட்டிருந்தால் நியாயம் என்பேன். ஆனால் பயம் என்கிறீர்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. 1962-ல் தஞ்சாவூரில் அவர் எதிர்த்து நின்றது காங்கிரஸின் பரிசுத்த நாடாரை, ஊரில் அவ்வளவு செல்வாக்கு உள்ளவரை, அதுவும் அண்ணாவே காஞ்சிபுரத்தில் தோற்றுப்போன தேர்தலில். 1980-ல் அண்ணா நகரில் 699 ஓட்டு, 1991-ல் துறைமுகத்தில் 890 ஓட்டு, இவ்வளவுதான் வித்தியாசம். இதையெல்லாம் பத்திரமான தொகுதி என்று யார் சொல்வார்கள்?

சரி, எனக்கு அந்த 13 பெரிய விஷயமே இல்லை. 1957-ல் புதிதாகச் சபைக்குப் போனவர் முதல் பேச்சிலேயே குளித்தலை பக்கத்து நங்கவரம் விவசாயிகளின் பிரச்சினையை எடுத்தார் பாருங்கள், அதுதான் பெரிது. 1976-ல் ஆட்சி கலைக்கப்பட்டு, ஊழல் புகார்களை விசாரித்த சர்க்காரியா கமிஷனும் தலைக்கு மேல் இருந்த நிலையில், 1977-லிருந்து எம்.ஜி.ஆருக்கு எதிரே எதிர்க்கட்சித் தலைவராக உட்கார்ந்து ஆறு வருடம் வாதாடினார். 1983-ல் ஈழத் தமிழர்களுக்காக அந்தப் பதவியையும் விட்டார். ஐந்து முறை முதல்வராக இருந்ததைவிட இந்த ஆறு வருடத்தைத்தான் நான் மேலே வைப்பேன்.

என் கோபம் வேறு இடத்தில். 2001-லும் 2011-லும் ஆட்சி போனதும் அவர் சபைக்கு வந்ததே அபூர்வம், வந்தாலும் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். சக்கர நாற்காலிக்கு ஏற்ற இருக்கை கேட்டு, அதைக்கூடச் செய்து கொடுக்காதது அன்றைய அரசின் தவறு, மறுக்கவில்லை. ஆனால் 2001-ல் நாற்காலிப் பிரச்சினையே கிடையாதே! ஜெயலலிதாவும் 2006-க்குப் பிறகு இதையேதான் செய்தார். துறைவாரியாகச் செலவுக்குச் சபையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு அமைச்சரைத் திணறடிக்க அன்று இவர்களைவிட ஆள் யார் இருந்தார்கள்? தொகுதி மாறியதை விடுங்கள், இதைக் கேளுங்கள்.