மூன்று மாதக் கிட் வாங்கலாமா? முடி, ஹார்மோன், பர்ஸ்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தலைமுடியைப் பற்றியவை. அதனால் மிக்ஸி வாரண்டி, கியாஸ் மானியம் எல்லாவற்றையும் அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, முடியையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: குழந்தை பிறந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு மாதமாக முடி கொத்துக் கொத்தாகப் போகிறது. இன்ஸ்டாகிராமில் வந்த விளம்பரத்தைத் தொட்டு, அவர்கள் கேட்ட பத்துப் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் கொடுத்தேன். "உங்கள் ஹார்மோன் சமநிலை குலைந்துள்ளது" என்று வந்தது. எண்ணெய், மாத்திரை, பாலில் கலக்கும் பொடி மூன்றும் சேர்ந்த மூன்று மாதக் கிட் 4,200 ரூபாய். இன்று இரவுக்குள் வாங்கினால் தள்ளுபடி. தாய்ப்பால் கொடுக்கிறேன். வாங்கலாமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: வேண்டாம் சகோதரி. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு பதிலில் மற்றவர்களின் கேள்விகளில் பாதி அடங்கிவிடும்.

சாதாரண நாளிலேயே தலையிலிருந்து 50 முதல் 100 முடி வரை உதிரும். கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் அதிகமாக இருப்பதால் உதிர வேண்டிய முடியும் உதிராமல் நிற்கும். அப்போது பின்னல் தடிமனாக இருந்தது உங்களுக்கே ஞாபகம் இருக்கும். பிரசவம் ஆனதும் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. பாக்கி நின்ற முடியெல்லாம் இரண்டு முதல் நான்கு மாதம் கழித்து ஒரே நேரத்தில் உதிர ஆரம்பிக்கிறது. பெரும்பாலான தாய்மார்களுக்குக் குழந்தையின் முதல் பிறந்தநாளுக்குள் இது தானாகவே சரியாகிவிடும். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலுக்குப் பிறகும், பெரிய ஆபரேஷனுக்குப் பிறகும், பட்டினி கிடந்து எடை குறைத்த பிறகும் இதே கணக்குதான். உடம்புக்கு அடி விழுந்தது இன்று என்றால், முடி அதைச் சொல்வது இரண்டு மூன்று மாதம் கழித்து.

இந்த இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது. உதிர்தல் உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் பயந்துபோய்ப் பணம் கட்டுகிறோம். அதன்பின் மூன்று மாதத்தில் அது எப்படியும் குறையத்தான் போகிறது. குறைந்ததும் பெயர் கிட்டுக்குப் போகிறது. நடுநெற்றியில் குட்டி முடி முளைக்கும் "முன், பின்" படங்களில் பல இப்படி வந்தவை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தக் கிட் எதற்காக மூன்று மாதம் என்று இப்போது புரிந்திருக்கும்.

அப்புறம் அந்தக் கேள்வித்தாள். ரத்தம் எடுக்காமல், உங்களைப் பார்க்காமல், போனில் விரல் தட்டியதை வைத்து ஹார்மோனைக் கணிக்க எந்த மருத்துவராலும் முடியாது. "எங்கள் டாக்டர் பேசுவார்" என்று போன் வந்தால் பெயரையும் பதிவு எண்ணையும் கேளுங்கள். 2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி மருத்துவர் தன் பதிவு எண்ணைத் தெரிவித்தாக வேண்டும். சொல்லத் தயங்குபவர் விற்பனைப் பிரிவு ஆள். "இன்று இரவுக்குள்" என்ற கெடுபிடியும் சும்மா. அந்தப் பக்கத்தை மூடிவிட்டு நாளைக் காலை திறந்து பாருங்கள், தள்ளுபடி முடியும் நேரத்தைக் காட்டும் கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடிக்கொண்டிருந்தாலும் இருக்கும். பொய்யான அவசரம் காட்டி விற்பதை 2023-ல் மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று வித்தைகளில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது.

தாய்ப்பால் கொடுக்கும் நேரத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியாத மூலிகைப் பொடியைக் குடிக்கவே வேண்டாம்.

அந்த 4,200 ரூபாயை என்ன செய்யலாம்? முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், டி.எஸ்.ஹெச். மூன்றையும் பார்த்துவிடுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இது காலியாக இருக்கலாம். டி.எஸ்.ஹெச். தைராய்டுக்கு, பிரசவமான முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு தடம் புரளும். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவம் முடிந்ததும் நிறுத்திவிட்டீர்களா? அரசுத் திட்டப்படி பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும். அதை டீயோடு விழுங்காதீர்கள், டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேரவிடாது. எலுமிச்சை, நெல்லி, கொய்யா சேர்த்தால் நன்றாகச் சேரும்.

பத்தியம் என்ற பெயரில் வீட்டில் ரசமும் சாதமும் பூண்டுக் குழம்புமாகவே போகிறதா? முடி என்பதே புரதம். பால் கொடுக்கும் தாய்க்கு மற்றவர்களைவிடப் புரதம் கூடுதலாக வேண்டும். பூண்டுக் குழம்பு இருக்கட்டும், பக்கத்தில் இரண்டு முட்டையோ, ஒரு கிண்ணம் பாசிப்பயறோ, மீனோ இருக்கட்டும். மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று சொல்லுங்கள். டாக்டரிடம் கேட்டால் எழுதியும் கொடுப்பார்.

கேள்வி: என் மனைவி தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். முடிக்காக இப்போது பயோட்டின் என்ற வைட்டமின் கலந்த 'கம்மி' (ஜெல்லி) மிட்டாயும் சேர்த்துச் சாப்பிடுகிறார். பாதிப்பு உண்டா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உடம்புக்கு வரும் பாதிப்பைவிட ரத்தப் பரிசோதனைக்கு வரும் பாதிப்புதான் பெரிது. நமக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் பயோட்டின் 30, 40 மைக்ரோகிராம்தான். சில மாத்திரைகளில் 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. இந்த அளவில் சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால், பல லேப்களில் பயன்படுத்தும் முறையில் டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைவாகவும், தைராய்டு ஹார்மோனான டி4 பொய்யாக அதிகமாகவும் காட்டும். அதைப் பார்க்கும் டாக்டர், தைராய்டு மாத்திரை அதிகமாகிவிட்டது என்று நினைத்து அளவைக் குறைத்தால் என்ன ஆகும்? தைராய்டு மறுபடி குறையும், முடி இன்னும் உதிரும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் சோதனையையும் இது குழப்பும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்திருக்கிறது. அடுத்த பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்தச் சொல்லுங்கள். டாக்டரிடமும் லேப்பிலும் சாப்பிட்டதைச் சொல்லிவிடுங்கள்.

மற்றபடி, சாதாரணமாகச் சாப்பிடும் ஒருவருக்கு பயோட்டின் குறைபாடு வருவது அபூர்வம். முட்டையை வேகவைத்துச் சாப்பிட்டாலே கிடைத்துவிடும். பச்சை முட்டையின் வெள்ளைக்கருதான் பயோட்டினைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தக் கம்மி டப்பாவைத் திருப்பிப் பார்த்தீர்களா? முன்பக்கத்தில் "முடி உதிர்வுக்குத் தீர்வு" என்று இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் இருக்கும். ஹெல்த் சப்ளிமென்ட் என்று விற்கும் எதிலும் அந்த வரி இருந்தாக வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஒரே டப்பா, இரண்டு பேச்சு.

கேள்வி: எனக்கு வயது 21. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடி, நடு உச்சியில் வகிடு அகலமாகிறது. பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று ஸ்கேனில் சொன்னார்கள். "சீட் சைக்கிளிங்" பொடி இரண்டு டப்பா, ஸ்பியர்மின்ட் டீ ஒரு டப்பா வாங்கச் சொல்கிறாள் தோழி. மாதம் 1,500 ரூபாய் ஆகும்.
— கல்லூரி மாணவி, மதுரை

பதில்: திருப்பூர் சகோதரியின் பிரச்சினை தானாகப் போய்விடும், உங்களுடையது அப்படி இல்லை அம்மா. பி.சி.ஓ.எஸ்.ஸில் பலருக்கு இன்சுலின் அளவு ஏறுகிறது. அது சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோன்களைக் கூட்டுகிறது. அவை தாடையில் முடியை வளர்த்து, உச்சியில் முடியை மெலிய வைக்கின்றன. ஆக, கை வைக்க வேண்டிய இடம் இன்சுலின்.

சீட் சைக்கிளிங் என்பது மாதத்தின் முதல் பாதியில் ஆளிவிதையும் பூசணி விதையும், அடுத்த பாதியில் எள்ளும் சூரியகாந்தி விதையும் சாப்பிடுவது. நல்ல சாப்பாடுதான். ஆனால் விதையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டால் ஹார்மோனும் அதே வரிசையில் மாறும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பிடித்திருந்தால் மளிகைக் கடையில் எள்ளும், நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதையும் வாங்கி வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். இரண்டு டப்பாவின் காசுக்கு வீடே சாப்பிடலாம். ஸ்பியர்மின்ட் நம் புதினாவின் வகைதான். சில சிறிய ஆய்வுகளில் ஆண் ஹார்மோன் கொஞ்சம் குறைந்தது. தாடை முடி கண்ணுக்குத் தெரியக் குறையவில்லை. துவையலாகவே சாப்பிடுங்கள்.

பணம் செலவில்லாத பக்கத்துக்கு வருகிறேன். எடை அதிகமாக இருந்தால், அதில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் ஒழுங்குக்கு வருகிறது. 70 கிலோ என்றால் நான்கைந்து கிலோவிலேயே மாற்றம் தெரியத் தொடங்கும். ஹாஸ்டல் தட்டில் சோற்று மலையை இடித்துப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டல், கீரை, முட்டை வையுங்கள். சாயங்காலம் பஜ்ஜியும் சர்க்கரை போட்ட டீயும் தினமும் வேண்டாம். "ஹெல்த் டிரிங்க்" பவுடர் எதையாவது குடிக்கிறீர்கள் என்றால் பொருள் பட்டியலைப் பாருங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். முதல் மூன்றுக்குள் சர்க்கரை இருந்தால் அது இனிப்புப் பண்டம். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் நடை, இரவு ரீல்ஸ் பார்க்காமல் ஏழு மணி நேரத் தூக்கம்.

இது போக மகப்பேறு மருத்துவரையோ ஹார்மோன் மருத்துவரையோ அவசியம் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விடக்கூடாது. சர்க்கரை அளவும் பார்க்க வேண்டும். உச்சி மெலிவுக்கு மினாக்ஸிடில் போன்ற மருந்து உண்டு, ஆனால் நான்கு முதல் ஆறு மாதம் பொறுக்க வேண்டும், ஆரம்பத்தில் உதிர்தல் கொஞ்சம் கூடவும் செய்யும். ஆன்லைனில் "சீரம்" என்ற பெயரில் வாங்கித் தடவாமல் தோல் மருத்துவர் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் என்று எழுதிய பாட்டிலுக்கும் ஹேர் ஆயில் என்று எழுதிய பாட்டிலுக்கும் என்ன வித்தியாசம்? பாதாம் எண்ணெய் நல்லதா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: தேங்காய் ஊரிலிருந்து நல்ல கேள்வி. சமையல் எண்ணெயாக விற்கும் பாட்டிலில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும். ஹேர் ஆயில் பாட்டிலில் அது இருக்காது. இரண்டுக்கும் வரி வேறாக இருந்ததால் கம்பெனிகளுக்கும் வரித்துறைக்கும் பெரிய சண்டையே நடந்தது. சின்ன பாட்டிலில் விற்பதாலேயே அது தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் தீர்ப்பளித்தது. வழக்கு சேலம் கலால் துறையிலிருந்து போனது. 2025 செப்டம்பர் 22 முதல் ஹேர் ஆயிலுக்கும் ஜி.எஸ்.டி. 18-லிருந்து 5 சதவீதமாகிவிட்டது.

சமையல் தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தலைக்குத் தேய்க்கலாம். அது முடித்தண்டுக்குள் கொஞ்சம் இறங்கி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். முடியை முளைக்க வைக்காது. பாதாம் எண்ணெய் பாட்டிலைத் திருப்புங்கள்: முன்னால் பாதாம் படம், பின்னால் பட்டியலில் முதல் பெயர் மினரல் ஆயில் அல்லது லைட் லிக்விட் பாரஃபின் (இரண்டுமே பெட்ரோலியத்திலிருந்து வரும் எண்ணெய்) என்று இருந்தால், பாதாம் விலைக்கு பாரஃபின் வாங்குகிறீர்கள். கெடுதல் இல்லை, பளபளப்பும் வரும், விலைதான் நியாயமில்லை. பொடுகு இருந்தால் எந்த எண்ணெயையும் ராத்திரி முழுக்க ஊறவிடாதீர்கள், பொடுகுக் கிருமிக்கு எண்ணெய்தான் தீனி.

கேள்வி: போர் தண்ணீரால் முடி கொட்டுகிறது. ஷவரில் மாட்டும் ஃபில்டர் 1,800 ரூபாய். உப்பை நீக்குமா?
— வாசகர், சென்னை வேளச்சேரி

பதில்: நீக்காது. அந்தச் சின்ன டப்பா குளோரினையும் துருவையும் கொஞ்சம் பிடிக்கும், அவ்வளவே. தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியத்தை நீக்க, உப்புப் போட்டு அடிக்கடி புதுப்பிக்கும் ரெசின் சாஃப்ட்னர் வேண்டும். அது ஷவர் ஃபில்டரைவிடப் பெரிய, தனிக் கருவி. உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், ஷாம்பு நுரைக்காது. ஆனால் வேரோடு உதிர்வதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேடுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு குடம் மெட்ரோ தண்ணீர் போதும்.

கேள்வி: "90 நாளில் பலன் இல்லையேல் பணம் வாபஸ்" என்றதால் கிட் வாங்கினேன். பலன் இல்லை. இப்போது வாராவாரம் எடுத்த போட்டோ கேட்கிறார்கள். அந்த நிபந்தனையை வாங்கும்போது சொல்லவே இல்லை.
— வாசகர், திண்டுக்கல்

பதில்: விளம்பரம் இன்னும் ஓடுகிறது என்றால் இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கு இருக்காது. பில், வாட்ஸ்அப் பேச்சு, பணம் கட்டிய விவரம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேருங்கள். அவர்கள் தளத்தில் குறைதீர் அதிகாரியின் முகவரி இருக்க வேண்டும். அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் 1915-க்கு அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதியுங்கள். பெரும்பாலும் இந்தப் போன் போனதுமே குரல் மாறும்.

அதற்கும் மசியவில்லையா, திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடம் போதும். பொருளுக்கு நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பரத்தில் பேசிய பிரபலத்தின் பெயரையும் புகாரில் எழுதுங்கள். தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் வரை அபராதம் போட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அது தயாரிப்பாளரோடு நிற்பதில்லை, விளம்பரத்தில் முகம் காட்டியவர் வரைக்கும் போகும்.