செத்த ஆடும் சிறைச்சாலையும்

வணக்கம் ஐயா,

நாங்கள் ஷாங்காயில் இருக்கிறோம். மகன் உள்ளூர்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. வாரம் பத்து செங்யூவை (சீன மரபுத்தொடர்) தமிழ்ப் பழமொழியோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வைக்கிறேன். கோடிட்ட இடத்தைச் சரியாக நிரப்பிவிடுகிறான். சொந்த வாக்கியம் என்றால் கந்தரகோலம். எங்கே தவறு?

வாசகி, ஷாங்காய்

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் பத்தை இரண்டாகக் குறையுங்கள்.

செங்யூ பெரும்பாலும் நான்கெழுத்துத் தொடர். எழுத்து இன்றைக்கும் அதேதான், பொருள் பழஞ்சீனத்தது. ஆடு தொலைந்தபின் பட்டியைச் சரிசெய்வதைச் சொல்லும் 'வாங் யாங் பூ லாவ்' தொடரையே பாருங்கள். 'வாங்' என்றால் இன்று சாவு, இங்கே தொலைந்துபோவது. 'லாவ்' இன்று சிறை, இங்கே ஆட்டுப்பட்டி. பையன் கண்ணுக்குச் செத்த ஆடும் சிறைச்சாலையும்தான் தெரியும். நரி புலியின் மிடுக்கைக் கடன் வாங்கும் 'ஹூ ஜியா ஹூ வெய்'யிலும் இதே கதை: 'ஜியா' அங்கே 'போலி' இல்லை, 'இரவல்'.

தீக்குச்சியால் பட்டி கட்டி, ஒரு பக்கம் ஓட்டை விடுங்கள். உள்ளே ஐந்து கொண்டைக்கடலை. ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டு, "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அடைக்கச் சொல்வான். அடைக்காமல் இன்னொன்றையும் எடுங்கள். பிறகு அவனையே அடைக்க விடுங்கள். மிச்சம் மூன்று பத்திரம். அதைப் பார்த்தபின் நான்கு எழுத்தையும் எழுதிக்காட்டுங்கள்.

அந்த மூன்றுதான் முக்கியம். 'ஜான்குவோ த்ஸ' என்ற பழஞ்சீன நூலில் ஜுவாங் சின் என்பவர் சூ நாட்டு மன்னனிடம் சொல்வது, ஆடு போனபின் பட்டியைச் சரிசெய்தாலும் தாமதமில்லை என்பதே. நீங்கள் 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்று சொல்லிக்கொடுத்திருந்தால் தலைகீழாகிவிட்டது. நம் பழமொழி கைவிரிக்கிறது, சீனத் தொடர் தட்டிக்கொடுக்கிறது. தமிழ்ப் பழமொழியை ஜோடி சேர்ப்பதைக் கொஞ்ச காலம் நிறுத்துங்கள்.

அடுத்த கோளாறு இலக்கணம். மரக்கட்டையில் மோதிச் செத்த முயலைப் பார்த்துவிட்டு, இன்னொன்றும் வரும் என்று உழவையே விட்ட சோங் நாட்டு உழவனின் கதை 'ஷோ ஜூ தாய் தூ'. "நான் பஸ்ஸை ஷோ ஜூ தாய் தூ செய்தேன்" என்று பிள்ளைகள் எழுதுவார்கள். 'தூ' என்றால் முயல்; அது ஏற்கெனவே தொடருக்குள்ளே இருக்கிறது, பஸ்ஸுக்கு இடமில்லை. தவிர, நேரத்துக்கு வரும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதை யாரும் கேலி செய்வதில்லை. இந்தத் தொடர் சோம்பேறியைக் குத்துவது. ஒவ்வொன்றுக்கும் சரியான வாக்கியம் இரண்டு, தப்பானது ஒன்று எழுதிக் கொடுங்கள். தப்பை அவன் கண்டுபிடிக்கட்டும்.

கதை வேண்டாதவையும் உண்டு. 'தோங் ஜாங் ஷீ வாங்' என்றால் கிழக்கும் மேற்குமாகப் பராக்குப் பார்ப்பது. வீட்டுப்பாடத்தின்போது அவன் செய்வதுதான்; அப்போதே சொல்லிவிடுங்கள்.